வாசகர் கேள்வி பதில்: தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள்

வேற்றுக் கலாச்சாரத்தவர்களோடு பழகும்போது வரும் சந்தேகங்களை இந்த முறை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பலவற்றில் அடுத்தவர் வீட்டு விஷயமும் கலந்திருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஏழு பேருக்கும் ஒரே தாய்மொழி. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மட்டும் அது தெரியாது. வேலை நேரத்தில் பொது மொழியில்தான் பேசுகிறோம், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மொழிக்குப் போய்விடுவோம். அவர் சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார், எதுவும் சொன்னதில்லை. ஓய்வு நேரத்தில்கூட எங்கள் மொழியை விட்டுக்கொடுக்க வேண்டுமா அக்கா?

பதில்: விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சிரித்த முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் ஏதோ சொல்கிறார், ஏழு பேரும் சிரிக்கிறீர்கள், அவர் அரை நொடி தள்ளிச் சிரிக்கிறார். எதற்கென்று தெரியாமலேயே சிரிக்கிறார், ஏனென்றால் சிரிக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாக நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்ற பயம். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்ற சந்தேகம் வேறு. கொஞ்ச நாளில் "எனக்கு வேலை இருக்கிறது, நீங்கள் போங்கள்" என்று தன் மேசையிலேயே சாப்பிட ஆரம்பித்துவிடுவார். நீங்களும் "அவர் யாரோடும் ஒட்டமாட்டார்" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். இப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

ஒதுக்கப்படுவது மனிதர்களை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார். அவருடைய சோதனை ரொம்ப எளிமையானது. கணினித் திரையில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் பந்து போட்டு விளையாடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்தைப் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான் சோதனை. சில நிமிட விளையாட்டு, முகம் தெரியாத ஆட்கள், ஜெயிப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படியும் அது மனதைக் குத்துகிறது. எதிரே இருப்பது மனிதர்கள் இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால்கூடக் குத்துகிறது என்று 2004-இல் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் மேசையில் இது தினமும் நடக்கிறது.

என்ன செய்யலாம்? பக்கத்தில் உட்காருகிறவர் "அவன் நேற்று பஸ்ஸை விட்ட கதையைச் சொல்கிறான்" என்று ஒரே வரியில் சொன்னால் போதும், உட்கார்ந்து முழுசாக மொழிபெயர்க்கத் தேவையில்லை. வேலை சம்பந்தமான பேச்சு வந்துவிட்டால் மட்டும் உடனே பொது மொழிக்கு மாறிவிடுங்கள், அது அவருக்குச் சேர வேண்டிய தகவல். நடுநடுவே அவரிடமும் எதையாவது கேளுங்கள், ஆனால் எப்போது பார்த்தாலும் "உங்கள் நாட்டில் எப்படி?" என்றே கேட்டால் அவரும் சலித்துப்போவார். நேற்று பார்த்த படத்தைப் பற்றியும் முதுகு வலியைப் பற்றியும் அவருக்குப் பேச இருக்கும். அப்புறம், தனியாக இருக்கும்போது ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: "நாங்கள் இப்படிப் பேசுவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறதா?" ஏழு பேர் முன்னால் கேட்டால் "இல்லவே இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

கேள்வி: புதிதாக வந்த சக ஊழியரின் பெயர் என் வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது. சுருக்கமாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிடலாமா?

பதில்: அவரே சொன்னால் தாராளமாகக் கூப்பிடுங்கள். நீங்களாக வைக்காதீர்கள்.

"உங்கள் பெயரைச் சரியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், இன்னொரு தடவை மெதுவாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டு, உங்கள் எழுத்தில் காதில் விழுந்தபடியே எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் நாலு தடவை சொல்லிப் பாருங்கள். கச்சிதமாக வராமல் போகலாம், பரவாயில்லை, முயற்சி செய்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். பள்ளியில் ஆசிரியர்கள் தம் பெயரைச் சிதைத்துச் சொன்னதையும் மாற்றி வைத்ததையும் பெரியவர்களான பிறகும் மறக்காதவர்களைப் பற்றி 2012-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது தன் பெயர் வரப்போகிறதே என்று பயந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள், இந்தச் சின்ன சிரமத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் வேலை. ஒவ்வொரு நாட்டுக்காரரிடமும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வீடியோக்கள் பார்த்துப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறேன். இது போதுமா, அல்லது இன்னும் படிக்க வேண்டுமா?

பதில்: படிப்பது நல்லது. பல்கேரியாவில் 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள், 'இல்லை' என்பதற்கு மேலும் கீழுமாக அசைப்பார்கள். இது தெரியாமல் பேரம் பேசப் போனால் குழப்பம்தான். பேசும்போது எவ்வளவு தள்ளி நிற்பது என்பதுகூட இடத்துக்கு இடம் மாறுகிறது. 2017-இல் 42 நாடுகளில் சுமார் 9,000 பேரிடம் இதைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவரிடம் மிக நெருக்கமாக நிற்க ஒப்புக்கொண்டவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள், மிகத் தள்ளி நிற்க விரும்பியவர்கள் ருமேனியாக்காரர்கள். ஒருவர் உங்கள் முகத்தருகே வந்து பேசினால் அதிகப்பிரசங்கி என்றும், இன்னொருவர் பேசப் பேசப் பின்னால் நகர்ந்தால் திமிர் பிடித்தவர் என்றும் நினைத்துவிடாமல் இருக்க இந்த மாதிரி விவரம் உதவும்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே நாட்டுக்குள்ளேயும் வயதைப் பொறுத்தும், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் அந்தத் தூரம் மாறியது. உங்கள் பட்டியலில் இருப்பது சராசரி, எதிரே வந்து உட்காருகிறவர் சராசரி இல்லை. அவர் சின்ன வயதிலேயே வேறு நாட்டில் குடியேறியிருக்கலாம், அந்தப் பழக்கங்களே பிடிக்காதவராகக்கூட இருக்கலாம். பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு போங்கள், அவர் வாயைத் திறந்ததும் பட்டியலை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள். கை கொடுப்பதா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு நொடி பொறுங்கள், அவர் கையை நீட்டுகிறாரா, நெஞ்சில் வைக்கிறாரா, குனிகிறாரா என்று பார்த்துவிட்டு அதையே செய்யுங்கள். அப்படியும் தப்பாகிவிட்டால் "மன்னிக்கணும், எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால், பாவம், உங்களைச் சமாதானப்படுத்துகிற வேலையும் அவர் தலையில் விழுந்துவிடும்.

கேள்வி: நண்பர்கள் வட்டத்தில் வேறு இனத்தைச் சேர்ந்த ஒருவனை அவன் ஊர் ஆட்களை வைத்துக் கிண்டல் செய்வோம். அவனும் சேர்ந்துதான் சிரிக்கிறான். இதில் என்ன தப்பு?

பதில்: அவன் தனியாளாக இருக்கிறான், சிரிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அவனுடைய ஆட்கள் பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் இதே கிண்டலைச் செய்வீர்களா? மாட்டீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். அவன் செய்த கூத்தை வைத்து அவனைக் கிண்டல் செய்யுங்கள், நண்பர்களுக்குள் அது சரிதான். பிறப்பை வைத்துச் செய்யாதீர்கள்.

கேள்வி: என் ஐந்து வயது மகள் ரயிலில் எதிரே இருந்தவரைக் காட்டி "அவங்க ஏன் அப்படி இருக்காங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். நான் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பதில்: குழந்தை கேட்டதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் வாயைப் பொத்தியதும்தான் அதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், எதிரே இருந்தவரும் அதைத்தான் பார்த்திருப்பார். அடுத்த முறை சாதாரணக் குரலிலேயே, அவருக்கும் கேட்கிற மாதிரியே, "எல்லோரும் ஒரே மாதிரி இருக்கமாட்டோம்மா, அவங்க நிறம் அது, உன் நிறம் இது" என்று சொல்லுங்கள். அவரைப் பார்த்து ஒரு புன்னகை. அவர் பேச விரும்பினால் பேசுவார், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், உங்கள் மகளுக்குப் பாடம் நடத்துவது அவர் வேலை இல்லை.

குழந்தைகளுக்கு வித்தியாசமே கண்ணில் படாது என்று சிலர் சொல்கிறார்கள், அது உண்மையில்லை. பிறந்த குழந்தை எந்த முகத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. மூன்று மாதத்துக்குள்ளேயே, தான் அதிகம் பார்த்த இனத்து முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. இதை 2005-இலும் 2006-இலும் வந்த ஆய்வுகள் காட்டின. இரண்டு இனத்தாரையும் தினமும் பார்த்து வளர்ந்த குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. அதனால் உங்கள் மகள் யாரோடு விளையாடுகிறாள், வீட்டுக்கு யாரெல்லாம் வந்து போகிறார்கள், அவள் பார்க்கிற படக்கதைகளில் யார் முகம் இருக்கிறது என்பதைப் பாருங்கள். நீங்கள் சொல்லித்தருவதைவிட இதிலிருந்துதான் அவள் அதிகம் கற்றுக்கொள்வாள்.

கேள்வி: பழகப் பழக எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே. எங்கள் குடியிருப்பில் இரண்டு சமூகத்தாரும் பல வருடங்களாகச் சேர்ந்துதான் இருக்கிறோம், சண்டை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

பதில்: நீங்கள் சொல்வது சரி. பக்கத்தில் இருப்பது வேறு, பழகுவது வேறு. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-இலேயே இதைப் பிரித்துச் சொன்னார். இரண்டு கூட்டத்தார் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது, அந்தச் சந்திப்பில் இரு தரப்பும் சமமாக இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், அதற்காகப் போட்டி போடாமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களும் சட்டமும் அதை ஆதரிக்க வேண்டும் என்றார். பிற்பாடு தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் எழுதினார்கள். பொதுவாகப் பழக்கம் வெறுப்பைக் குறைக்கத்தான் செய்கிறது, இந்த நிபந்தனைகளும் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்பது அவர்களின் முடிவு. உங்கள் குடியிருப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சமூகத்தாரே எல்லாப் பொறுப்புகளிலும் இருந்து, இன்னொரு சமூகத்தாரிடம் தண்ணீருக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தால், எத்தனை வருடம் ஆனாலும் அது பழக்கம் ஆகாது.

இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்ற ஊரில், அதுவரை தனித்தனியாகப் படித்துவந்த வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்தார்கள். ஒரே கலவரம். எலியட் ஆரன்சன் என்ற பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவரும் அவருடைய மாணவர்களும் வந்து பார்த்தபோது வகுப்பு முழுக்கப் போட்டியாக இருந்தது, ஆசிரியர் கேள்வி கேட்டால் நான் நான் என்று கை தூக்குகிற போட்டி. அவர்கள் நல்லொழுக்க உரை எதுவும் நடத்தவில்லை, பாடம் நடத்தும் விதத்தை மாற்றினார்கள். ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரித்து, ஒரு பாடத்தைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். மற்ற துண்டுகளைப் படிக்கக் கிடைக்காது, வைத்திருப்பவன் வாயால் சொன்னால்தான் உண்டு. தேர்வு மட்டும் முழுப் பாடத்துக்கும்.

அந்தக் குழு ஒன்றில், வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் ஒரு பையன் தன் பங்கைச் சொல்ல ஆரம்பித்துத் திக்கித் தடுமாறியிருக்கிறான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அங்கிருந்த உதவியாளர் அவர்களைத் திட்டவில்லை. கேலி செய்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் இவன் சொல்லவேண்டிய பகுதியை அதனால் தெரிந்துகொள்ள முடியாது, இன்னும் சுமார் ஒரு மணி நேரத்தில் தேர்வு என்று மட்டும் நினைவுபடுத்தினார். பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேலியை விட்டுவிட்டு, அவனிடம் சரியான கேள்விகளைக் கேட்டுப் பதிலை வரவழைக்கக் கற்றுக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவனுக்குத் தைரியம் வந்தது. அவன் தைரியமாகப் பேசப் பேச, இவன் நாம் நினைத்த மாதிரி மக்கு இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்தது.

குடியிருப்பில் சமாதானக் கூட்டம் போட்டு ஆளாளுக்குப் பேசுவதை விட்டுவிடுங்கள். இரு தரப்பும் சேராமல் முடியவே முடியாத ஒரு வேலையை எடுங்கள், தண்ணீர்த் தொட்டி சரிசெய்வதோ, பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம் கேட்டு மனு கொடுப்பதோ, எதுவாக இருந்தாலும் சரி. பொறுப்பைச் சரிபாதியாகப் பிரியுங்கள், கணக்கு எழுதும் வேலை உட்பட.

கேள்வி: எல்லாக் கலாச்சாரத்தையும் மதிக்க வேண்டும் என்றால், பெண் பிள்ளைகளைப் படிக்கவிடாமல் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுப்பதையும் மதிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. யுனெஸ்கோ 2001 நவம்பர் 2 அன்று கலாச்சாரப் பன்மை பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியபோதே, சர்வதேசச் சட்டம் உறுதி செய்துள்ள மனித உரிமைகளை மீறுவதற்கோ அவற்றைச் சுருக்குவதற்கோ கலாச்சாரப் பன்மையை யாரும் காரணமாகக் காட்டக் கூடாது என்று நான்காவது பிரிவில் எழுதிவைத்துவிட்டார்கள். பன்மையைப் போற்றுவதற்கென்றே வந்த பிரகடனம் அது.

அதே சமயம் எதிர்க்கும் விதம் என்று ஒன்று இருக்கிறது. "உங்கள் ஆட்களே இப்படித்தான்" என்று ஆரம்பித்தீர்கள் என்றால், அந்தச் சமூகத்துக்குள்ளேயே அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கும் அம்மாவையும் அக்காவையும் ஆசிரியரையும் சேர்த்து அடித்துவிடுகிறீர்கள். எந்தக் கலாச்சாரத்திலும் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. பழக்கத்தைக் காப்பாற்றுகிறவர்கள் மட்டும்தான் அந்தச் சமூகம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. உள்ளே இருந்து எதிர்க்கிறவர்கள் யார் என்று தேடி, அவர்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்களுக்குப் பிடிக்காத உடையும் வாசனையும் சத்தமும் உரிமை மீறல் ஆகாது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பதையும், நமக்குப் பழகாத ஒன்று நடப்பதையும் ஒரே கோபத்தில் கலந்துவிடுகிறவர்கள் அதிகம்.

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது இதே ஊரில்தான். என் தோற்றத்தைப் பார்த்து வாரத்துக்கு ஒருவராவது "நீங்கள் நிஜமாகவே எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். கோபப்பட்டால் "சும்மாதானே கேட்டேன்" என்கிறார்கள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லவே இல்லை. கேட்கிறவருக்கு அது ஒரு கேள்வி, உங்களுக்கு அது சிறு வயதிலிருந்து வந்துகொண்டிருக்கும் கேள்வி. 'நிஜமாகவே' என்று சேர்க்கும்போது நீங்கள் முதலில் சொன்ன பதிலை அவர் நம்பவில்லை என்றாகிறது. "இந்த ஊர்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. மனசு இருக்கிற நாளில் விளக்குங்கள், இல்லாத நாளில் விளக்காதீர்கள். ஆர்வத்தில் கேட்கிற மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒருவரின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ள அவரோடு கொஞ்சம் பழகிவிட்டு, உங்கள் பூர்வீகத்தையும் சொல்லிக் கேட்கலாமே.

கேள்வி: என் மகன் வேறு நாட்டுப் பெண்ணை விரும்புகிறான். நல்ல பெண். அடுத்த மாதம் அவளுடைய பெற்றோர் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்க வருகிறார்கள். எங்களுக்குப் பொதுவான மொழியும் கிடையாது. எனக்கு வயது எழுபது தாண்டிவிட்டது, பதற்றமாக இருக்கிறதம்மா.

பதில்: ஐயா, அந்தப் பக்கமும் இதே பதற்றத்தோடுதான் கிளம்பி வருவார்கள்.

முன்கூட்டியே அந்தப் பெண்ணிடம் சில விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும், எதைச் சாப்பிடமாட்டார்கள், வழிபாட்டுக்கோ ஓய்வுக்கோ எந்த நேரத்தில் தனிமை வேண்டும், மாத்திரை ஏதாவது உண்டா. கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது, மகனிடம் சொல்லி இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அதில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், பழமொழி சொன்னால் அது வேறு எதையாவது சொல்லிவைக்கும். கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் இருக்கிற ஆல்பத்தை எடுத்து வையுங்கள், அவர்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள், படத்தைக் காட்டிப் பேச மொழி அதிகம் தேவைப்படாது. பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, அதை நிரப்பப் பாடுபடாதீர்கள். உபசாரம் என்ற பேரில் அவர்களை ஒரு வேலையும் செய்யவிடாமல் வைத்திருக்காதீர்கள், காய் நறுக்க வந்தால் கத்தியைக் கொடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஏதாவது உரசல் வந்தால் "உங்கள் அம்மா ஏன் அப்படிச் செய்தார்?" என்று அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்காதீர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தூது போவதும், தன் வீட்டுக்காக விளக்கம் சொல்வதும் கல்யாணத்துக்கு முன்பே அவள் தலையில் ஏறிவிடும். செயலியை எடுத்துக்கொண்டு அவள் அம்மாவிடமே நேராகப் போய் உட்காருங்கள்.